சாதா மவுண்டன் சைக்கிளிலிருந்து இ-மவுண்டன் சைக்கிளுக்கு: ஓட்டும் முறையும் உடல்தகுதியும் – முழுமையான வழிகாட்டி

சாதா மவுண்டன் சைக்கிளில் ஓரளவு பழகியவர் இ-சைக்கிளில் உட்கார்ந்ததும் டர்போ மோடில் (மோட்டார் அதிகபட்ச உதவி தரும் நிலை) வைத்து ஏற்றத்தில் விட்டுவிடுகிறார். ஏறியும் விடுகிறார். சிக்கல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. 24 கிலோ வண்டியை எங்கே நிறுத்துவது, எப்படித் திருப்புவது என்று அவருடைய கைகளுக்கு இன்னும் பழக்கமில்லை. புதியவர்கள் தடுமாறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது: கற்கும் வரிசையை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பிரேக் முதலில், கியர் அடுத்து, அதற்கப்புறம்தான் ஏற்றம். உடல்தகுதிக் கணக்கு இவை கைவந்த பிறகு.

இங்கே இ-சைக்கிள் என்று சொல்வது, மிதித்தால் மட்டும் மோட்டார் கைகொடுக்கும் வகையை. கைப்பிடியைத் திருகினால் ஓடும் வண்டிகளுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது.

1. கிளம்பும் முன் வேண்டியவை

முழுச் சக்தி இ-மவுண்டன் சைக்கிள் பெரும்பாலும் 22 முதல் 25 கிலோ இருக்கும். எடை குறைந்த வகை 16 முதல் 19 கிலோ. சாதா டிரெயில் (காட்டு, மலைப்பாதை) சைக்கிள் 13 முதல் 15 கிலோ. உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். கீழே வரும் எடைக் கணக்குகள் முழுச் சக்தி வகைக்கானவை.

ஹெல்மெட், முழுவிரல் கையுறை, முழங்கால் காப்பு, டயர் அழுத்தமானி, ஷாக் பம்ப் (சஸ்பென்ஷனுக்குக் காற்றடிப்பது), உதிரி டியூப் ஆகியவை கட்டாயம். இவற்றோடு, மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை ஒன்றும் வாங்கிவிடுங்கள். கடிகாரம் போதாதா என்று கேட்பார்கள். கரடுமுரடான பாதையில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கும்போது, அந்த அதிர்வில் மணிக்கட்டுக் கடிகாரம் தப்பான எண்ணைக் காட்டும். உடல்தகுதிப் பகுதி முழுக்க இந்த எண்ணை நம்பித்தான் நடக்கிறது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருந்தால் இந்தியாவில் அதற்குப் பதிவு தேவையில்லை. ஐரோப்பாவிலும் மோட்டார் 25 கிலோமீட்டரில் நின்றுவிடும். அமெரிக்காவில் முதல் வகுப்பு வண்டிகளுக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர். ஆனால் பதிவு வேண்டாம் என்பதற்காகக் காட்டுக்குள் போய்விட முடியாது. காப்புக்காட்டுப் பாதை என்றால், எந்த சைக்கிளானாலும் வனத்துறை அனுமதி வேண்டும்.

2. வண்டியை உடம்புக்கு அமைப்பது

பையில் தண்ணீர், கருவிகள் எல்லாம் போட்டு முழு உடுப்போடு உட்கார்ந்துதான் சஸ்பென்ஷனை அளக்க வேண்டும். பின் ஷாக் தான் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் 28–30 சதவீதமும், முன் ஃபோர்க் 15–20 சதவீதமும் அமுங்கினால் சரி. சாதா சைக்கிளின் சஸ்பென்ஷனில் வைத்திருந்த அதே காற்றழுத்தத்தை இங்கேயும் வைக்காதீர்கள். ஷாக்கின் அளவும் லிங்கேஜும் (ஷாக்கைப் பின்சக்கரத்தோடு இணைக்கும் கம்பிகள்) வேறாக இருப்பதால் அந்த எண்ணுக்கு இங்கே அர்த்தமில்லை.

டயர் டியூப்லெஸ் என்றால், 75 கிலோ எடையுள்ளவர் முன்னால் 23, பின்னால் 26 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். சாதா சைக்கிளைவிட இரண்டு மூன்று கூடுதல். கல் வந்தால் சாதா சைக்கிளின் பின்சக்கரத்தைச் சட்டென்று தூக்கிவிடுவீர்கள். இதில் அது அவ்வளவு சுலபமாக எழாது. ரிம் நேராகப் போய் மோதும்.

கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, எவ்வளவு நீளம் என்றும் பாருங்கள். சாதா சைக்கிளில் 170 அல்லது 175 மில்லிமீட்டர். இ-சைக்கிளில் 160 அல்லது 165 நல்லது. சாதா சைக்கிளில் மிதிக்காமல் உருண்டு கடக்கும் கற்பாதையை இதில் மிதித்துக்கொண்டே ஏறுவோம். நீளமான கிராங்க் என்றால் பெடல் கல்லில் தட்டிக்கொண்டே இருக்கும்.

3. முதல் பாடம் பிரேக், அதுவும் மோட்டாரை அணைத்துவிட்டு

75 கிலோ ஆள் 14 கிலோ சைக்கிளில் போனால் மொத்தம் 89 கிலோ. 24 கிலோ சைக்கிளில் 99. அதே வேகத்தில் ஏறக்குறைய 11 சதவீதம் கூடுதல் ஆற்றலைப் பிரேக் விழுங்க வேண்டும். லீவரை அதே அளவு அழுத்தினால் வண்டி அந்த அளவுக்குத் தள்ளிப் போய்த்தான் நிற்கும். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். ஆனால் வளைவுக்குள் எங்கே நுழைகிறோம் என்பதே இதில் மாறிவிடும்.

லேசான சரிவுள்ள மண்பாதையைத் தேர்ந்தெடுத்து ஒரு கல்லையோ குச்சியையோ அடையாளமாக வையுங்கள். மோட்டாரை அணைத்துவிட்டு, 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, அடையாளத்தில் பிரேக் பிடித்து எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். முதலில் பின் பிரேக் மட்டும், அடுத்து முன் பிரேக் மட்டும், கடைசியில் இரண்டும். முன் பிரேக் எவ்வளவு வேலை செய்கிறது என்பது அப்போது தெரியும். முன் பிரேக்குக்குப் பயந்து பின்னால் மட்டும் இழுப்பவர்கள் பின்சக்கரத்தை வழுக்கவிட்டுப் பாதையையும் உழுதுவிடுகிறார்கள்.

பிரேக் பிடிக்கும்போது குதிகாலைக் கீழே அழுத்தி, இடுப்பைப் பின்னுக்கும் கீழுக்கும் கொண்டுபோங்கள். கனமான வண்டி உங்களை முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலைக் கால்கள் தாங்க வேண்டும். கைகளால் தாங்கினால் அரை மணி நேரத்தில் முன்கை மரத்துப்போகும்.

நீண்ட இறக்கத்தில் லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது கெட்ட பழக்கம். டிஸ்க் சூடேறி, லீவர் தளர்ந்துபோகும். நேரான இடத்தில் வலுவாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், அப்புறம் விட்டுவிடுங்கள். நான்கு பிஸ்டன் பிரேக்கும் 200 மில்லிமீட்டர் டிஸ்க்கும் இல்லாத முழுச் சக்தி இ-சைக்கிளை மலைக்கு வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

4. கியரும் மிதிக்கும் வேகமும்

இந்த மோட்டார்கள் நிமிடத்துக்கு 75 முதல் 90 சுற்று மிதிக்கும்போது நன்றாக வேலை செய்யும். 50 சுற்றில் முக்கி மிதித்தால் மோட்டார் சூடேறும், பேட்டரி வேகமாகக் கரையும், செயினும் சீக்கிரம் தேயும்.

மீட்டர் இல்லாமலே எண்ணலாம். வலது முழங்கால் மேலே வருவதை 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 20 வந்தால் 80 சுற்று.

கியர் மாற்றுவதில்தான் செயின்கள் அறுகின்றன. சாதா சைக்கிளில் செயினை இழுப்பது உங்கள் கால் மட்டும். இதில் மோட்டாரும் சேர்ந்து இழுக்கிறது. 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையோடு இழுபடும் செயினைப் பக்கத்துப் பல்லுக்குத் தள்ளினால் கேட்கும் ‘டக்’ சத்தம் பல் உடைவதற்கான எச்சரிக்கை. முறை இதுதான்: லீவரை அழுத்தும் முன் காலின் அழுத்தத்தைக் குறையுங்கள், பெடல் சுற்றிக்கொண்டே இருக்கட்டும், அரைச் சுற்றில் கியர் விழுந்துவிடும், பிறகு மீண்டும் அழுத்துங்கள். ஒரு தடவைக்கு ஒரு கியர். ஏற்றம் தொடங்கிய பிறகு மாற்றுவதைவிட, அதற்குப் பத்து மீட்டர் முன்பே மாற்றிவிடுவது நல்லது.

இன்னொரு தவறு, கியரே மாற்றாமல் இருப்பது. எந்தக் கியரிலும் மோட்டார் தள்ளிவிடும் என்பதால் சிலர் ஒன்றிரண்டு கியரிலேயே நாள் முழுக்க ஓட்டுவார்கள். கேசட்டில் (பின்சக்கரத்தின் பற்சக்கர அடுக்கு) இரண்டு பற்சக்கரங்கள் மட்டும் தேய்ந்திருப்பதைப் பார்த்தால் இவர்களைக் கண்டுபிடித்துவிடலாம். 12 கியர் செயின் 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் கேசட்டும் சேர்ந்து போகும்.

5. ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து கிளம்புவது

புதியவர்கள் அதிகம் விழுவது இங்கேதான். நின்றுகொண்டிருக்கும்போது ஒரு காலைப் பெடலில் சும்மா வைப்பார்கள். சென்சார் அந்த எடையை மிதியாக எடுத்துக்கொண்டு வண்டியைக் குதிக்க வைக்கும். நிற்கும்போது இரண்டு பிரேக்கும் பிடித்தபடியே இருக்க வேண்டும். இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் வரிசை: மோடை ஈக்கோ (மோட்டார் உதவி மிகக் குறைந்த நிலை) அல்லது அதற்கடுத்த நிலைக்குக் குறையுங்கள். நிற்கும் முன்பே சின்ன கியருக்கு வந்திருக்க வேண்டும். சீட்டைக் கொஞ்சம் இறக்கி, மேட்டுப் பக்கக் காலைத் தரையில் ஊன்றுங்கள். மற்ற காலின் பெடல் கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடத்தில் இருக்கட்டும். பிரேக்கைப் பிடித்தபடியே அந்தப் பெடலில் எடையை ஏற்றி, வண்டி துடிப்பதை உணர்ந்ததும் பிரேக்கை விடுங்கள். முதல் சுற்று முடிவதற்குள் மற்ற கால் பெடலுக்கு வந்துவிடும்.

டர்போவில் கிளம்பினால் என்ன ஆகும்? ஈரமான இடம் என்றால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். பிடிப்புள்ள இடம் என்றால் முன்சக்கரம் தூக்கும். முடியவே முடியாத இடத்தில் நடைமோடு இருக்கிறது. மணிக்கு 6 கிலோமீட்டர் வரை வண்டி தானே நகரும், நீங்கள் பக்கத்தில் நடந்தால் போதும். அதைப் பயன்படுத்த யாரும் கூச்சப்பட வேண்டாம்.

6. செங்குத்தான, கரடுமுரடான ஏற்றம்

சாதா சைக்கிளில் செங்குத்து வந்தால் எழுந்து நின்று மிதிப்போம். இ-சைக்கிளில் உட்கார்ந்தே இருங்கள். எழுந்தால் பின்சக்கரத்தின் மேல் எடை குறையும்; மோட்டார் அந்த நொடியிலேயே சக்கரத்தைச் சுழற்றிவிடும்.

சீட்டின் மூக்கு நுனிக்கு நகருங்கள். முழங்கைகளை மடித்துக் கீழே இறக்கி, மார்பைக் கைப்பிடியை நோக்கித் தாழ்த்துங்கள். முன்சக்கரம் தரையில் ஒட்டும், பின்சக்கரத்துக்கும் எடை கிடைக்கும். கைப்பிடியை மேலே இழுக்காதீர்கள்; இழுத்தால் மோட்டாரும் சேர்ந்துகொண்டு முன்சக்கரத்தைத் தூக்கிவிடும்.

வேரோ படிபோன்ற கல்லோ வந்தால் நேரம் பார்த்து மிதிக்க வேண்டும். தடைக்குச் சற்று முன்னால் ஒரு அழுத்தமான அரை மிதி, உடனே இரண்டு பெடலும் கிடைமட்டம். பல மோட்டார்கள் நாம் நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளும். அந்தத் தள்ளலில் தடையைக் கடந்துவிடலாம், பெடலும் கல்லில் தட்டாது. சில வண்டிகளில் இந்தத் தள்ளல் நீளமாகவும் சிலவற்றில் மிகக் குறைவாகவும் இருக்கும். அதனால் உங்கள் வண்டி எவ்வளவு தள்ளுகிறது என்று சமதளத்தில் ஒரு குச்சியைப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு முன் மலையில் சோதிக்க வேண்டாம்.

7. எந்த மோடு எப்போது

மோடு என்பது உங்கள் சக்தியின் மேல் மோட்டார் சேர்க்கும் விகிதம். உதாரணத்துக்கு, பாஷ் நிறுவனத்தின் பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ் நான்காம் தலைமுறை மோட்டாரில் ஈக்கோ 60 சதவீதம், டூர் 140, டர்போ 340. நீங்கள் 100 வாட் போட்டால் ஈக்கோவில் சக்கரத்துக்கு 160 வாட் போகும், டர்போவில் 440. நடுவில் இருக்கும் இஎம்டிபி மோடு, மிதிக்கும் அழுத்தத்தைப் பார்த்து 140-க்கும் 340-க்கும் இடையே தானே ஏறி இறங்கும். கரடான ஏற்றத்துக்கு இதுதான் சரி. கால்தான் அங்கே ஆக்ஸிலரேட்டர்.

பேட்டரிக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 100 கிலோவை 1000 மீட்டர் உயரம் தூக்கவே 272 வாட்-மணி ஆற்றல் வேண்டும். மண்ணின் இழுவை, மோட்டாரில் வெப்பமாகப் போவது எல்லாம் அதற்கு மேல். 625 வாட்-மணி பேட்டரியை டர்போவிலேயே வைத்து 2000 மீட்டர் ஏறலாம் என்று கிளம்பினால் பாதி வழியில் 24 கிலோவை வெறும் காலால் மிதிக்க வேண்டி வரும். பேட்டரி பாதியாகும் முன்பே திரும்பும் வழியில் எவ்வளவு ஏற்றம் பாக்கி என்று பாருங்கள். திரும்புவது முழுக்க இறக்கம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

சமதளத்தில் 25 கிலோமீட்டர் எல்லையோடு மல்லுக்கட்ட வேண்டாம். 26-ல் போக முயன்றால் மோட்டார் விட்டு விட்டு வேலை செய்யும், உங்களுக்குச் சேற்றில் மிதிப்பதுபோல இருக்கும். 23-ல் நிதானமாகப் போங்கள்.

8. இறக்கமும் வளைவும்

சீட்டை முழுவதும் இறக்குங்கள். வளைவில் வெளிப்பக்கப் பெடல் கீழே, எடை முழுக்க அதன் மேல். வண்டி சாயட்டும், உடம்பு ஓரளவு நிமிர்ந்திருக்கட்டும். பார்வை வளைவின் முடிவில். இவை இரண்டு சைக்கிளுக்கும் ஒன்றுதான்.

மாறுவது நேரம். கனமான வண்டி மெதுவாகச் சாயும், மெதுவாக எழும். பிரேக்கையும் சாய்வையும் சாதா சைக்கிளைவிட முன்கூட்டியே தொடங்குங்கள். எடை கீழே, நடுவில் இருப்பதால் சிறு கற்களில் இது அலையாமல் நேராகப் போகும், அது நல்லதுதான். ஆனால் அந்த உறுதியை நம்பி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள், கடைசி நொடியில் பாதை மாற்ற முடியாமல் போகும்.

முன்சக்கரத்தைத் தூக்கக் கையால் இழுப்பது பலிக்காது. உடம்பைத் தாழ்த்தி, கால்களை முன்னோக்கித் தள்ளி, இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோனால் எழும். சமதளத்தில் மோட்டாரை அணைத்துவிட்டுப் பழகுங்கள்.

9. உடல்தகுதி: வண்டியைப் பார்க்காமல் துடிப்பைப் பாருங்கள்

மோட்டார் இருந்தால் உடற்பயிற்சி ஆகாது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019-ல் அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பழகிய மவுண்டன் சைக்கிள் ஓட்டுநர்கள் 33 பேரை இரண்டு வகையிலும் ஓட்டவைத்து அளந்தார்கள். இ-சைக்கிளில் சராசரி இதயத்துடிப்பு சாதா சைக்கிளில் இருந்ததில் ஏறக்குறைய 94 சதவீதம் இருந்தது. ஆனால் ஓட்டியவர்களுக்கு அந்த உழைப்பு அவ்வளவாகத் தெரியவில்லை. உழைப்பைப் பற்றி உடம்பு சொல்வதை இங்கே நம்ப முடியாது என்பதால்தான் மார்புப் பட்டை வேண்டும் என்றேன். சிறியதோர் ஆய்வு, பழகியவர்களை மட்டும் வைத்துச் செய்தது. டர்போவில் சும்மா காலைச் சுற்றுபவருக்கு இந்த எண் வராது.

இ-சைக்கிளின் பெரிய பயன் வேறிடத்தில் இருக்கிறது. 89 கிலோவை 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றவே, மண் இழுவையோடு சேர்த்து 145 வாட் ஆகும். புதிதாகத் தொடங்கியவருக்கு இதுவே மூச்சு வாங்கும் உழைப்பு. அதைவிட மெதுவாகப் போனால் சமநிலை போய்விடும். அதனால் மலையில் சாதா சைக்கிள் ஓட்டுபவருக்கு ‘லேசான பயிற்சி’ என்று ஒன்றே கிடைப்பதில்லை. எல்லா நாளும் கடுமையான நாள். இ-சைக்கிளில் அதே மலையில், முழு வாக்கியம் பேசும் அளவு மூச்சோடு ஒன்றரை மணி நேரம் போகலாம். நெடுநேரம் தாங்கும் திறனை வளர்ப்பது இந்த லேசான உழைப்புதான்.

எது வளராது? சின்ன கியரிலும் கனமாக மிதிக்கும் கால்பலம், வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு போகும் சாமர்த்தியம், ஏற்றத்தின் தொடக்கத்திலேயே சக்தியைச் செலவழித்துவிடாத நிதானம். இந்த மூன்றுக்கும் சாதா சைக்கிள் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையில்லை. 2019-ல் கனடாவின் மோன்-சான்ட்-ஆனில் நடந்த முதல் இ-மவுண்டன் சைக்கிள் உலகப் போட்டியை வென்ற தென்னாப்பிரிக்கர் ஆலன் ஹேதர்லி, 2024-ல் சாதா மவுண்டன் சைக்கிளில் கிராஸ்-கன்ட்ரி உலகப் பட்டத்தையும் வென்றார்.

ஒரு எச்சரிக்கை. மூச்சு வாங்காததால் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள். வியர்வை போய்க்கொண்டுதான் இருக்கும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை குடியுங்கள்.

10. ஒரு வாரத்தை எப்படிப் பிரிப்பது

இரண்டு சைக்கிளும் இருந்தால்: ஒரு நாள் சாதா சைக்கிளில் கடுமையான ஏற்றம், 4 நிமிடம் வீதம் நான்கு தடவை, இடையே 3 நிமிடம் ஓய்வு. ஒரு நாள் இ-சைக்கிளில் ஈக்கோ மோடில், பேசும் மூச்சோடு 60 முதல் 90 நிமிடம். வார இறுதியில் இ-சைக்கிளில் நீண்ட ஓட்டம். ஒரே கடினமான பகுதியைத் திரும்பத் திரும்ப ஏறி இறங்குங்கள். கடுமையான நாளுக்கு மறுநாள் ஓய்வு.

இ-சைக்கிள் மட்டும்தான் என்றால், கடுமையான நாளை ஈக்கோ மோடிலேயே செய்யலாம். பயிற்சியின் கடைசி 20 நிமிடம் மோட்டாரை அணைத்துவிட்டு மிதியுங்கள்.

உடல்பலத்துக்கு வாரம் இரண்டு நாள் தண்டால், பிளாங்க், கம்பியில் தொங்குவது, குந்தி எழுவது. கனமான வண்டியில் முதலில் களைப்பது முன்கையும் முதுகும்தான், கால் அல்ல.

முன்னேற்றத்தை அளக்க ஒரே ஏற்றம், ஒரே மோடு, ஒரே இதயத்துடிப்பு. நேரம் குறைகிறதா என்று பாருங்கள். மோடை எழுதிவைக்காத குறிப்பால் பயனில்லை. டர்போவில் ஏறிய நேரத்தை ஈக்கோ நேரத்தோடு ஒப்பிட்டு மகிழ்ந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

11. திரும்ப சாதா சைக்கிளில் ஏறும்போது

பல நாள் இ-சைக்கிளில் இருந்துவிட்டுத் திரும்பும் முதல் ஓட்டத்தில் நான்கு இடங்களில் கவனம் வேண்டும்.

பிரேக்கை லேசாகப் பிடியுங்கள். கனமான வண்டிக்குப் பழகிய விரல், லேசான சைக்கிளின் சக்கரத்தைப் பூட்டிவிடும்.

ஏற்றத்துக்கு முன் ஒரு கியர் கூடுதலாகவே குறையுங்கள். முதல் பாதியை மெதுவாக ஏறுங்கள்; மோட்டார் வந்து காப்பாற்றும் என்று கால் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்.

பாதையைத் தேர்ந்தெடுக்கும் கண்ணும் மாறியிருக்கும். இ-சைக்கிளில் கல்லின் மேல் நேராக ஏறும் வழிதான் கண்ணில் படும். சாதா சைக்கிளுக்கு வழவழப்பான, கொஞ்சம் சுற்றிப் போகும் வழியே சக்தியை மிச்சப்படுத்தும்.

கடைசியாக, முன்சக்கரத்தைத் தூக்கும்போது பாதி பலம் போதும். 24 கிலோவைத் தூக்கிய பழக்கத்தில் இழுத்தால் பின்னால் சாய்ந்துவிடுவீர்கள். முதல் சில தடவை பின் பிரேக்கில் ஒரு விரலை வைத்துக்கொண்டே தூக்குங்கள். வண்டி பின்னால் சரியத் தொடங்கினால் அந்த விரலை அழுத்தினால் போதும், முன்சக்கரம் இறங்கிவிடும்.